குடியேறினவர்கள் ஏன் எதிர்த்தார்கள்

நூறு கேள்விகளில் எனக்கும் என் தங்கைக்கும் பிடித்தது ஒன்றுதான். குடியேறினவர்கள் ஏன் பிரிட்டிஷாரை எதிர்த்துச் சண்டை போட்டார்கள்?

அமெரிக்கக் குடியுரிமைக்காக நடத்தும் பரீட்சையில் வருகிற கேள்வி அது. நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். அதற்கப்புறம் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை. நாலு பேர் முன்னால் பேசு என்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். கடையில் பில் போடுகிற பெண் "ஹவ் ஆர் யூ" என்று கேட்டால்கூட மகனைப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் ஓர் அதிகாரியின் எதிரில் உட்கார்ந்து, இந்த நாட்டின் கதையைச் சொல்ல வேண்டும். என் வயதுக்கும், நான் இங்கே இருந்த வருடங்களுக்கும் தமிழிலேயே பதில் சொல்லலாம், மொழிபெயர்க்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு சலுகை இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் மகன் மனுப் போட்டான்.

ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தப் பேர்லேண்டுக்கு நானும் என் வீட்டுக்காரரும் வந்து பதினேழு வருடம் ஆகிறது. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தோம். அவர்கள் வளர்ந்து, வேறு வேறு ஊர்களில் படிக்கப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் ஆறு வருடத்துக்கு முன்னால் இறந்தார். வீட்டிலிருந்து காரில் கால் மணி தூரத்தில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தோம். இரண்டு பேருக்கு இடம் வாங்கி, ஒரே கல்லாகப் போட்டான் மகன். இடது பக்கம் அவர் பெயர். வலது பக்கம் வழுவழுவென்று வெறுமையாக இருக்கிறது. போகும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

தூத்துக்குடியில் எனக்கு ஒரே ஒரு தங்கை. கல்யாணம் ஆகாதவள். மூன்று வருடமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவாள். பக்கத்து வீட்டுப் பெண்தான் ஆட்டோவில் ஏற்றி இறக்குவாள். அவளோடு போய் இருக்க வேண்டும், கடைசி வரைக்கும் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஆசை. ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, இருக்கிற வரைக்கும்.

ஆனால் கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் வெளிநாட்டில் நெடுநாள் தங்கிவிட்டால் அது போய்விடும். குடியுரிமை வாங்கிவிட்டால் எத்தனை வருடம் வேண்டுமானாலும் அங்கே இருந்துவிட்டுத் திரும்பலாம்.

"அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. அப்ளை பண்ணியாச்சு. இப்ப போனீங்கன்னா இன்டர்வியூ லெட்டர் வந்துடும். மிஸ் பண்ணினா ஃபுல் ப்ராசஸும் மறுபடி ஸ்டார்ட் பண்ணணும்" என்றான் மகன்.

"எப்ப வரும்யா?"

"தெரியாதும்மா. எப்ப வேணா வரலாம்."

அந்த "எப்ப வேணா" ஒரு வருடத்துக்கு மேல் நீண்டது.

இங்கே சர்ச்சில் மாதம் ஒரு தடவை தமிழ்ப் பூசை உண்டு. அதற்கு வருகிற ஒரு பெரியவர், ஊரில் வாத்தியாராக இருந்தவர், நூறு கேள்வி பதிலையும் தமிழில் தம் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார். மொழிபெயர்க்கவும் அவரே வருவதாகச் சொன்னார். எழுதியதோடு விடாமல் கதையும் சொல்லுவார். சீமையிலிருந்து இங்கே வந்து குடியேறினவர்கள் முதல் நாளே துப்பாக்கியைத் தூக்கவில்லையாம். லண்டனில் இருக்கிற சபையில் இவர்கள் சார்பாக ஓர் ஆள் கிடையாது. ஆனால் அங்கே உட்கார்ந்துகொண்டு இவர்கள் எழுதுகிற பத்திரத்துக்கும் குடிக்கிற தேயிலைக்கும் வரி போட்டார்கள். இவர்கள் முதலில் மனு எழுதினார்கள். ராஜாவே, தகப்பனே என்று பணிவாகத்தான் எழுதினார்கள். பதில் இல்லை. அப்புறம் சீமைச் சாமான் வாங்குவதை நிறுத்தினார்கள். பெண்கள் வீட்டிலேயே நூல் நூற்றார்கள், தேயிலையை விட்டுவிட்டுக் கண்ட இலையையும் காய்ச்சிக் குடித்தார்கள். பட்டாளத்தைக் கொண்டுவந்து இறக்கினான் ராஜா. அதற்கப்புறம்தான் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் தள்ளினது, சண்டை, எல்லாம்.

அந்தத் தாள்களை மகன் போனில் படம் பிடித்துத் தங்கைக்கு அனுப்பினான். அவள் எட்டாவது படித்தவள், என்னைவிடக் கெட்டிக்காரி. எனக்குக் காலை ஏழு மணி என்றால் அவளுக்குச் சாயங்காலம் ஐந்தரை. அவள் மிஷினில் படுத்திருக்கிற நேரம். ஊசி குத்தாத கையில் போனைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பாள். நான் அடுக்களையில் நின்றபடி பதில் சொல்லுவேன்.

சிறுவயதில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு முன்னால் எங்கள் இருவரையும் ஞானோபதேச வகுப்பில் விட்டிருந்தார்கள். கன்னியர் அம்மா கேள்வி கேட்பார். நாங்கள் எழுந்து நின்று கைகட்டி, இழுத்து ராகம் போட்டுப் பதில் சொல்ல வேண்டும். அறுபது வருடம் கழித்து அதே ராகம் எனக்கு வந்துவிட்டது.

"குடியேறினவர்கள் ஏன் பிரிட்டிஷாரை எதிர்த்துச் சண்டை போட்டார்கள்?" என்பாள் தங்கை, கன்னியர் அம்மாவின் குரலில்.

"அவர்களைக் கேளாமல் வரி போட்டதினாலும், பட்டாளத்தார் அவர்கள் வீடுகளில் தங்கினதினாலும், அவர்களுக்குச் சுய ஆட்சி இல்லாததினாலும் சண்டை போட்டார்கள்" என்று நான் இழுப்பேன்.

"ஆமென்" என்பாள் அவள். பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறவர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும்.

ஒருநாள் சொன்னாள்: "எக்கா, வெள்ளக்காரனுக்கும் வெள்ளக்காரனுக்கும் சண்ட. நடுவுல நீ எதுக்கு மனப்பாடம் பண்ணிக்கிட்டுக் கெடக்க?"

"ஒன்னப் பாக்க வரத்தாம்ட்டி."

"என்னப் பாக்க வர எங்கிட்டேயே பாடம் கேக்கியா. நல்லா இருக்கு."

அவளுக்கு உப்பு சேர்க்கக் கூடாது. தண்ணீர்கூட அளந்துதான். டீ வாயை நனைக்கிற அளவுக்குத்தான். எங்கள் அப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் வாசலில் பூத்த உப்பைக் கையால் அள்ளினால்கூடக் குற்றம் என்று சொல்லுவார். தங்கை அதையும் இதையும் ஒன்றாக்கிவிடுவாள்.

"அவனுவளுக்குத் தேயிலைக்கு வரி. நம்ம அப்பாவுக்கு உப்புக்கு வரி. எனக்குப் பாரு, டாக்டரு உப்புக்குத் தடையே போட்டுட்டான். நான் எந்தக் கடல்ல போயி எதத் தள்ள?"

இன்னொரு நாள் பட்டாளத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "கூப்பிடாம வந்து அடுத்தவன் வீட்டுல குந்திக்கிட்டா சண்ட வரத்தான செய்யும்" என்றாள். நான் குழாயைத் திறந்து தட்டைக் கழுவ ஆரம்பித்தேன். பதினேழு வருடம் ஒருத்தர் வீட்டில் இருக்கிறவள் நான். மகன் வீடுதான், மருமகளும் ஒரு சொல் சொன்னவள் இல்லை. ஆனாலும் எந்தத் தட்டை எங்கே வைக்க வேண்டும் என்று இன்னும் ஒருதரம் யோசித்துவிட்டுத்தான் வைக்கிறேன்.

"எக்கா, ஒன்னச் சொல்லலக்கா" என்றாள் அவள்.

"தெரியும்ட்டி. அடுத்த கேள்வியக் கேளு."

மழைக்காலம் வந்தபோது அவளுக்கு மூச்சுத் திணற ஆரம்பித்தது. கேள்விக்கும் கேள்விக்கும் நடுவில் நிறுத்தினாள். ஒரு காலையில் நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

"நீ ஒம் மவங்கிட்ட என்ன சொன்னே?"

"என்னத்தச் சொல்ல. அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"மொதல்ல மனுக் குடுத்தானுவ, கேக்கலன்னதும் சாமான் வாங்க மாட்டோம்னானுவ, அப்புறமாத்தான் பெட்டியத் தூக்கிக் கடல்ல போட்டானுவ. தெனம் ஒப்பிக்கத் தெரியுது. நீ இன்னும் ஒரு மனுகூடக் குடுக்கலயேக்கா."

அது என்னைக் குத்தியது. வாயால் சொல்ல எனக்கு வராது. அன்று மத்தியானம் அந்தக் கேள்வித் தாளின் பின்பக்கத்தில் மகனுக்கு எழுதினேன். அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது, உன் சித்திக்கு முடியவில்லை, நான் இப்பவே போகிறேன், கார்டு போனால் போகட்டும், நீ வருத்தப்படாதே. நாலு வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது. மறுநாள் காலையில் அவன் காபிக் கோப்பைக்குக் கீழே வைத்துவிட்டு, என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். தாள் அவன் சட்டைப் பையில் இருந்தது.

"அம்மா, அப்பா இங்க இருக்காங்க."

"தெரியும்யா."

"கார்டு போச்சுன்னா, விசிட்டர் விசா குடுப்பாங்களோ மாட்டாங்களோ. அங்க உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா..." அவன் தரையைப் பார்த்தான். "உங்கள எங்கம்மா வைக்கிறது? அப்பா பக்கத்துல இடம் இருக்கு. நீங்கதான கேட்டீங்க?"

நான்தான் கேட்டேன். அவரைக் குழியில் இறக்கிய அன்று, அவன் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் கேட்டேன்.

"உங்க ரெண்டு பேரையும் தனித்தனியா விட முடியாதும்மா. கொஞ்சம் வெயிட் பண்ணுங்க. ப்ளீஸ்."

அவன் கண் கலங்கியிருந்தது. நான் அவன் தலையைத் தடவினேன். சரி என்று சொன்னேன். அவன் எந்த ராஜாவும் இல்லை. என் பிள்ளை. அதனால்தான் அதற்கு மேலே என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மனுவோடு நின்றுவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் நெஞ்சில் கிடப்பது அந்தச் "சரி"தான்.

அடுத்த வாரமே இன்டர்வியூக் கடிதம் வந்துவிட்டது. "பாத்தீங்களா, கடவுள் இருக்காரு" என்றான் மகன்.

ஹூஸ்டனில் அந்த அலுவலகத்துக்கு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனேன். அதிகாரி ஒரு நடுவயதுப் பெண், சிரித்த முகம். வலது கையைத் தூக்கி உண்மையைச் சொல்லுவேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார். எழுந்து நின்று செய்தேன். முடிந்ததும் உட்கார வேண்டும். எனக்கு அது தெரியவில்லை. கைகட்டி நின்றுகொண்டே இருந்தேன். கேள்விக்கு நின்றுகொண்டுதானே பதில் சொல்ல வேண்டும்? பெரியவர் என் சேலைத் தலைப்பை லேசாக இழுத்து, "உக்காருங்கம்மா, இது கோயில் இல்ல" என்றார்.

முதல் நான்கு கேள்விக்கும் சரியாகச் சொன்னேன். ஐந்தாவதாக, எங்களுக்குப் பிடித்த அந்தக் கேள்வியைக் கேட்டார். பெரியவர் தமிழில் சொன்னார். எனக்கு ஒரு விநாடி சந்தோஷமாக இருந்தது. உடனே தங்கையின் மூச்சு என் காதில் கேட்டது. அவ்வளவுதான், ராகம் போய்விட்டது.

"உப்புக்கு" என்றேன்.

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு வேறு வழி இல்லை. "சால்ட்" என்றார்.

"சால்ட்?" என்றார் அதிகாரி.

"வரி போட்டான். கேக்காமலே வரி போட்டான்" என்று சொல்லி முடித்தேன். பெரியவர் அதைச் சொன்னார். அதிகாரி கொஞ்சம் யோசித்து, தலையாட்டி, தாளில் குறித்துக்கொண்டார். பத்தில் ஆறு சரியாக இருந்தால் போதும், ஆறாவதோடு கேள்விகள் முடிந்துவிட்டன. நான் பாஸ்.

காரில் பெரியவர் சிரித்தார். "உங்க வாயில உப்புன்னு வந்தா நான் தேயிலைன்னு சொல்ல முடியுமா? சத்தியம் பண்ணிட்டுல உக்காந்திருக்கேன். பொய்ச் சாட்சி ஆயிடும்மா."

மறுநாள் காலை தங்கையிடம் சொன்னேன். அவள் சிரிக்கப் பார்த்து இருமினாள். "அப்பா பேரக் காப்பாத்திட்டே. இனி கிளம்பி வா."

"இன்னும் சத்தியப் பிரமாணம் இருக்காம்ட்டி. அதுக்கு ஒரு மாசம் ஆவுமாம்."

"இன்னும் எத்தன மனுக்கா?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

சத்தியப் பிரமாணம் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. எத்தனையோ நாட்டு ஜனங்கள். ஆளுக்கு ஒரு சின்னக் கொடி கொடுத்தார்கள். இதுவரை இருந்த எந்த ராஜாவுக்கும் எந்த நாட்டுக்கும் விசுவாசம் இல்லை என்று சொல்ல வேண்டும். எல்லாரும் சொன்னதற்கு நானும் வாயசைத்தேன். வாசலில் கிரீன் கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மகன் என்னைக் கொடியோடு நிறுத்திப் படம் எடுத்தான். அந்தப் படத்தில் நான் பயந்த மாதிரி இருப்பேன்.

பிறகுதான் எங்கள் தப்பு தெரிந்தது. இத்தனை நாள் நாங்கள் சத்தியம் வரைக்கும்தான் நாளை எண்ணினோம். அதற்கு அடுத்த நாளை யாரும் எண்ணவில்லை. குடியுரிமை வாங்கின அன்றே என் இந்தியப் பாஸ்போர்ட் செல்லாது. அதை ஒப்படைக்க வேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு இனிமேல்தான் எழுதிப் போட வேண்டும். அது வந்த பிறகு நான் பிறந்த ஊருக்குப் போக விசா கேட்க வேண்டும். ஆறேழு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஆறேழு வாரத்துக்கு விமானம் ஏற என்னிடம் எந்தக் காகிதமும் இல்லை. மகன் தலையில் கையை வைத்துக்கொண்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஸாரிம்மா. நான் யோசிக்கவே இல்ல. நான் வாங்கினப்ப எனக்கு ஊருக்குப் போற அவசரம் இல்ல" என்றான்.

பத்தொன்பதாம் நாள் காலை ஏழு மணிக்குத் தங்கையை அழைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண் எடுத்தாள். அவள் "பெரியம்மா" என்று சொன்ன விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஐஸ் பெட்டியில வைக்கலாம் பெரியம்மா, நீங்க வர்ற வரைக்கும். எத்தன நாளாவும்?"

சாவு என்றால் அவசரப் பாஸ்போர்ட் இருக்கிறது, அவசர விசா இருக்கிறது, மூன்று நாலு நாளில் முயற்சி பண்ணலாம் என்று மகன் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே சொன்னான். அவன் முகத்தைப் பார்த்தேன். அவளைக் காக்க வைத்தது போதும் என்று தோன்றியது.

"வைக்க வேண்டாம்மா. நாளைக்கே அடக்கம் பண்ணிருங்க" என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வீடியோவில் பார்த்தேன். மருமகள் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜெபம் முடிந்து பெட்டியை இறக்கினார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி யாரோ ஒருவர் சாக்கிலிருந்து உப்பை அள்ளி அள்ளிக் குழியில் போட்டார். வெள்ளை வெளேரென்று விழுந்தது. மூன்று வருடமாக ஒரு கல் உப்புக் கொடுக்கவில்லையே அவளுக்கு என்று நினைத்தேன். பிறகு படம் நின்று நின்று வந்தது.

பாஸ்போர்ட் அடுத்த மாதம் தபாலில் வந்தது. நீல நிறம். மறுநாள் காலையில் மகன் அதைக் கொண்டுவந்து என் முன்னால் மேஜையில் வைத்தான்.

"விசாவுக்கு எழுதிப் போடு" என்றேன். "கல்லறைத் திருநாளுக்கு நான் அங்க இருக்கணும். இந்த வருஷம் அப்பாவுக்கு நீ போயி மெழுகுவர்த்தி வையி."

"எத்தன நாள்மா? ரிட்டர்ன் எப்ப போட?"

"அதக் கேக்காத."

நான் அவனிடம் அப்படிப் பேசியதில்லை. அவன் சரி என்றான். கம்ப்யூட்டரைத் திறந்து விசாப் பாரத்தை நிரப்ப உட்கார்ந்தான். என் பெயர், அப்பா பெயர், பிறந்த ஊர். நான் சொல்லச் சொல்லத் தட்டினான். ஓர் இடத்தில் நிறுத்தினான்.

"அங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தர் பேரும் அட்ரஸும் கேக்குறாங்கம்மா. யார் பேரப் போட?"

இத்தனை வருடமும் எந்தப் பாரத்திலும் அந்த இடத்தில் தங்கையின் பெயர்தான் இருக்கும். அவனுக்கும் அது நினைவு வந்திருக்க வேண்டும். விரலை எழுத்துகளின் மேல் வைத்தபடி இருந்தான். நான் ஒவ்வொருவராக யோசித்தேன். எல்லாரும் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறவர்களாகவே வந்தார்கள். கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண் நினைவுக்கு வந்தாள். மூன்று வருடம் என் தங்கையை ஆட்டோவில் ஏற்றி இறக்கியவள். அவளை நாங்கள் கூப்பிடுகிற செல்லப் பெயர்தான் எனக்குத் தெரியும். முழுப் பெயர் தெரியாது.

மணி ஏழாகப் போகிறது. போனை எடுத்தேன்.